நடராஜன் முதலாளியின் ஆறு கப்பல் தம்பிகள்

தொழிலாளியைத் தம்பி மாதிரி நடத்திய முதலாளிகள் உலகத்தில் பலர் இருக்கலாம். தம்பியென்றே பத்திரம் எழுதி, மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து, முத்திரையும் குத்திக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் ஃபிஜித் தீவில், நாந்தி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வோட்டுவாலேவு சாலையோரம் மரச்சாமான் பட்டறை வைத்திருந்த நடராஜன். சரித்திரம் இதுவரை அவரைக் கண்டுகொள்ளவில்லை. சரித்திரத்துக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

ஜெட் விமானங்கள் நாந்தியில் இறங்க ஆரம்பித்த புதிது அது. இறங்கிய வெள்ளைக்காரர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டியிருந்தது. நாற்காலி கொடுக்க நடராஜன் இருந்தார். நடராஜனுக்கு நாற்காலி செய்து கொடுக்க ஆறு பேர் இருந்தார்கள். அதில் முக்கியமானவன் நிசாம். பட்டறையின் நடுவில் நின்ற வட்ட ரம்ப மெஷினில் பலகை அறுப்பது அவன் வேலை. அடுத்தவன் ஜோனே, சபேட்டோ பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஃபிஜியன், இரண்டு ஆள் தூக்குகிற மரத்தை ஒரே ஆளாகத் தூக்கி ஒரே ஆள் சம்பளம் வாங்குகிறவன். மற்ற நாலு பேர் இழைத்தார்கள், ஒட்டினார்கள், பாலிஷ் போட்டார்கள், மரத்தூளில் இருமினார்கள்.

அந்த வருஷம் தலைநகர் சுவாவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இருபது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் அவர்களுடைய வைத்தியத்துக்கும் விபத்துக்கும் முறையான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. நடராஜன் அதைத் தன் மனைவி லீலாவதிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"கவர்மெண்டுன்னா இதான் கவர்மெண்டு. ஏழைங்கள நெனச்சிப் பாக்குது பாரு."

நாலு மாதம் கழித்து இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. அதில் 'இருபது' இருந்த இடத்தில் 'ஐந்து' இருந்தது. இதே கவர்மெண்டு சிறு தொழில்களை வேரோடு பிடுங்க வெகுநாளாகச் சதி செய்து வந்திருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் அவர் சட்டத்துக்கு அடங்கிய மனிதர். முதலாளிக்கு மூன்று வழிகள் கொடுக்கப்பட்டிருந்தன. மூன்றையும் நேர்மையாகப் பரிசீலிப்பது என்று முடிவு செய்தார். எதையும் செய்யாமல் இருப்பதற்கு முன்னால் அதைப் பரிசீலித்து விடுவது அவர் வழக்கம்.

முதல் வழி இன்ஷூரன்ஸ். அதை யோகேந்திரா கொண்டுவந்தார். நாந்தி டவுனில் இன்ஷூரன்ஸ் ஏஜண்ட். எந்த வெயிலிலும் டை கட்டுகிற, யாரையும் இந்தியில் 'பையா', அண்ணே, என்று கூப்பிடுகிற மனிதர். பட்டறைக் கட்டடத்துக்கும் ரம்ப மெஷினுக்கும் போன வருஷமே அவரிடம்தான் நடராஜன் பாலிஸி எடுத்திருந்தார்.

"மெஷினுக்கு எடுத்துட்டீங்க, அதுக்குப் பக்கத்துல நிக்கற ஆளுக்கும் எடுத்துட்டா வேல முடிஞ்சிது" என்றார் யோகேந்திரா. "ஒரே ஒரு கண்டிஷன். ரம்பத்துக்கு மேல இரும்பு மூடி போடணும். அது இல்லாம கம்பெனி கையெழுத்துப் போடாது."

"மூடி போட்டா ஒரு நாளைக்கு எத்தினி பலக அறுக்கலாம்?"

"கொறையும்."

"எவ்ளோ கொறையும்?"

"பலக கொறையும் பையா. வெரலு கொறையாது."

நடராஜன் புண்பட்டுப் போனார். "நிசாமு பன்னெண்டு வருசமா மூடி இல்லாமத்தான் அறுக்கறான். ஒரு நகம் போனதில்ல. டேய் நிசாமு, காட்டுடா!"

நிசாம் மெஷினை நிறுத்திவிட்டு வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "பத்தும் இருக்குது மொதலாளி" என்றான் சிரித்துக்கொண்டே. யோகேந்திரா சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் பாரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இரண்டாவது வழி, ஒரு டாக்டரோடு வருஷ ஒப்பந்தம். டவுன் டாக்டர் பட்டறைக்கு வந்து ஆறு பேர் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்தார். நாலு பேர் நுரையீரலில் மரத்தூள் இருக்கிறது, இந்தப் பக்கம் இரண்டு ஜன்னல் திறந்தால் நல்லது என்றார். அதுவரை ஆறு பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து வந்தவர்கள். டாக்டர் வந்த பிறகுதான் நோயாளி ஆனார்கள். இப்படிப்பட்ட டாக்டரை வருஷம் முழுக்க உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று நடராஜன் யோசித்தார். ஆட்களின் உடம்பை உத்தேசித்து அந்த வழியைக் கைவிட்டார்.

மூன்றாவது வழி, சிறு முதலாளிகள் ஒன்றுகூடிப் பொது நிதி ஆரம்பிப்பது. இதற்காகப் பள்ளிக்கூட ஹாலில் 'தொழிலாளர் உடல்நல மாபெரும் ஆலோசனைக் கூட்டம்' நடைபெற்றது. பதினோரு முதலாளிகள் வந்திருந்தார்கள். தொழிலாளி யாரும் இல்லை. அன்று வேலை நாள். ஹாலின் நடுவில் பெரிய மரப்பாத்திரத்தில் நங்கோனா கரைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வேர்த் தண்ணீர் ஒரு சிரட்டை உள்ளே போனால் கோபம் அடங்கும், நாலு சிரட்டை போனால் நாக்கு மரத்துப் போகும். ஃபிஜியில் எந்தத் தீர்மானத்தையும் அதன் துணையில்லாமல் நிறைவேற்றுவது மரியாதையல்ல.

முதல் சிரட்டையில் நிதிக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசினார்கள். இரண்டாவதிலும் அதையே பேசினார்கள். மூன்றாவதில் ஒரு தையல்கடை முதலாளி எழுந்தார்.

"என் கட ஆளுங்களுக்கு ஒடம்புக்கு வர்றதே இல்ல" என்றார். "வந்தா அன்னிக்கே நிறுத்திடறேன்."

இதுவல்லவா நோய்த் தடுப்பு என்று சபை கைதட்டியது. கடைசியில், 'உடல்நலம் நல்லது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எந்தத் தேதியிலிருந்து நல்லது என்று ஆராய மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. நடராஜன் அதன் தலைவர்.

குழு கூடுவதற்குள் மூன்றாவது சுற்றறிக்கை வந்துவிட்டது. 'முதலாளியின் குடும்பத்தினர் தொழிலாளர் ஆகார். அவர்களுக்கு இவ்விதிகள் பொருந்தா. குடும்பம் என்பது அந்தந்தச் சமூகத்தின் வழக்கப்படி கொள்ளப்படும்.' நடராஜன் அதை மூன்று தடவை படித்தார். நாலாம் தடவை எழுந்து நின்று படித்தார்.

அவர் சமூகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலியாகச் சென்னையில் கப்பல் ஏறி வந்தவர்கள், ஒரே கப்பலில் வந்திருந்தால் அண்ணன் தம்பிகள். ஊர், சாதி, மதம் எதுவும் கேட்பதில்லை. ஜஹாஜி பாய், கப்பல் தம்பி என்றால் ரத்தத் தம்பிக்கு ஒரு படி மேல். நடராஜனின் அப்பா கூலி லைனில் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தபோது, மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து மலமும் மூத்திரமும் அள்ளிப் போட்டவர் அப்படிப்பட்ட ஒரு கப்பல் தம்பி. அவர் முஸ்லிம். அவர் இல்லாவிட்டால் அப்பா இல்லை, அப்பா இல்லாவிட்டால் நடராஜனும் இல்லை. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் அப்பா செத்தார்.

அந்தப் புனிதமான உறவை நடராஜன் இப்போது நினைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. இதற்கு ஒரு பென்னி செலவில்லை என்று தோன்றியதும் அது நின்றது.

மறுநாள் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். "இன்னியிலேர்ந்து நீங்க யாரும் எனக்குக் கூலிக்காரங்க இல்ல. எங்கப்பா வந்த கப்பல்லதான் ஒங்கப்பாங்களும் வந்தாங்க. நீங்க என் தம்பிங்க. நான் சும்மா வாயால சொல்றவன் இல்ல. காகிதத்துல எழுதப் போறேன்."

ஐந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் நாலு பேருடைய அப்பாக்கள் வந்தது நாலு வெவ்வேறு கப்பல்களில், நாலு வெவ்வேறு வருஷங்களில். அதை எடுத்துச் சொல்வது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார்கள். நிசாம் மட்டும் அழுதுவிட்டான்.

"எங்கத்தாவுக்கு இந்தத் தேசத்துல சொந்தம்னு யாருமே இல்ல மொதலாளி" என்றான். "சாவறப்பகூட, 'ஒனக்கு ஒரு கூடப்பொறந்தான் இல்லாமப் போச்சேடா'ன்னுதான் சொன்னாரு."

"மொதலாளின்னாத. அண்ணேன்னு சொல்லு."

"சரிண்ணே" என்றான் நிசாம்.

நடராஜன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சத்தியம் செய்து பத்திரம் வாங்கினார். தம்பிகளின் ரேகையை எடுக்கச் சுவாவிலிருந்து விரேந்திரா என்ற அதிகாரி பட்டறைக்கே வந்தார். சுவாவுக்குப் பக்கத்து நசினுவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் கல்யாணம், காரியம் நடந்தபோது காதில் விழுந்த அளவுதான் அவருக்குத் தமிழ். ஒவ்வொரு பெயராக வாசித்து நிமிர்ந்து பார்த்தார். ஜோனேயிடம் வந்ததும் பேனா நின்றது.

"இவரு... ஃபிஜியன் ஹை."

"ஆமா சார்."

"இவருமா கப்பல்ல வந்தவரு?"

"இவங்க ஆளுங்களும் கடல் மேலதான் சார் வந்தாங்க" என்றார் நடராஜன். "கப்பலு கொஞ்சம் சின்னது."

ஜோனே யோசித்துப் பார்த்தான். "நாங்க முந்தி வந்துட்டம்" என்றான்.

"தேதியில சின்ன வித்தியாசம்" என்றார் நடராஜன்.

வழக்கம் என்று விதியில் இருக்கிறது. எந்த அளவு கப்பல் என்று இல்லை. விரேந்திரா மைப்பெட்டியைத் திறந்தார். விதிப்படி இடது பெருவிரல். இன்று தம்பியாக இருக்கிறவன் அடுத்த வருஷமும் அதே ஆள்தானா என்று சரிபார்க்க, வருஷா வருஷம் அதே விரல் வைக்க வேண்டும். நிசாம் கையை வேட்டியில் மூன்று தடவை துடைத்துக்கொண்டு, 'தம்பி' என்று எழுதியிருந்த கட்டத்தில் பெருவிரலை அழுத்தி வைத்தான். ஆறு ரேகையிலும் அவனுடையதுதான் மிகத் தெளிவாக விழுந்தது. விரேந்திராவே அதைப் பாராட்டினார்.

அன்றிலிருந்து பட்டறையில் குடும்பப் பாசம் பொங்கி வழிந்தது. தம்பிக்கு ஓவர்டைம் கொடுத்தால் அண்ணன் தம்பி உறவு என்ன ஆவது? ஓவர்டைம் நின்றது. சொந்தப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய யாராவது கூலி கேட்பார்களா? ஞாயிறும் வேலை நாளாயிற்று. புயலில் நடராஜன் வீட்டுக் கூரைத் தகரம் பறந்தபோது தம்பிகள் ஆறு பேரும் ஓடிவந்து மாட்டிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நிசாம் பெருநாளன்று பிரியாணியின் முதல் தட்டை அண்ணன் வீட்டுக்குத்தான் எடுத்து வந்தான். நடராஜன் அதை ருசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

இரும்பு மூடி மட்டும் வரவில்லை. அது தொழிலாளிகளுக்கானது. இங்கே தொழிலாளி யார் இருக்கிறார்கள்?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஹோட்டல் வந்தது. அறுபது நாற்காலி கேட்டார்கள், திறப்பு விழாவுக்குள். தம்பிகள் மூன்று ஞாயிறு ஓய்வில்லாமல் வேலை செய்தார்கள். நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நிசாம் தள்ளிய பலகையில் ஒரு முடிச்சு இருந்தது. ரம்பம் முடிச்சில் சிக்கிப் பலகையை எகிறி அடித்தது. நிசாமின் கை வழுக்கி உள்ளே போனது.

இடது பெருவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்தூளில் கிடந்தன. ஜோனே தன் இடுப்பில் கட்டியிருந்த சுலுத் துணியைக் கிழித்துக் கையைச் சுற்றிக் கட்டி, நிசாமைத் தூக்கி லாரியில் வைத்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரை நடராஜன் நிசாமின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நாக்காலி இன்னும் பதினாலு பாக்கி இருக்குதுண்ணே" என்றான் நிசாம், நினைவு தப்புவதற்கு முன்னால்.

விபத்து நடந்தால் ஒரு வாரத்தில் பாரம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. நடராஜன் மேஜையில் உட்கார்ந்து நிரப்பினார். 'தொழிலாளர் எண்ணிக்கை: இல்லை. காயம்பட்ட தொழிலாளர்: இல்லை. மருத்துவச் செலவு கோருவோர்: இல்லை.' அந்த வருஷம் நாந்தி வட்டாரத்திலேயே விபத்தில்லாத பட்டறை அது ஒன்றுதான்.

பலகை எகிறியதில் ரம்பத் தகடு வளைந்துவிட்டது. அதற்குப் பாலிஸி இருந்தது. யோகேந்திரா வந்து தகட்டை அளந்து பார்த்து, நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார். பத்தாம் நாள் புதுத் தகட்டோடு வந்தார். கிளம்பும்போது அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தகட்டுக்கு வந்துட்டுது பையா" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நிசாம் வெளியே வந்த மூன்றாம் நாள், நடராஜன் வீட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், ஒரு சட்டி மூட்டை, இரண்டு குழந்தைகள். முன்னால் நிசாமின் மனைவி சகீனா. பின்னால் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நிசாம்.

"இன்னாம்மா இது?" என்றார் நடராஜன்.

சகீனா சத்தம் போடவில்லை. "வேலைக்காரனுக்குக் கை போனா ஒரு வருச சம்பளத்துக்கு மேல மொதலாளி குடுக்கணும்னு யோகேந்திரா பையா சொன்னாரு. ஆபீசுல போயி கேட்டன். இவரு வேலைக்காரரு இல்ல, தம்பின்னாங்க. வாடக குடுக்க முடியல, ஊட்ட விட்டுட்டம். தம்பின்னா அண்ணன் ஊட்டுக்குத்தான வரணும்? வந்துட்டம்."

நடராஜன் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னாலிருந்து லீலாவதி வந்தாள்.

"கப்பல்ல வந்தவங்க வாசல்ல நிக்கக் கூடாது" என்றாள். "உள்ள வா சகீனா. பெட்டிய அவுரு எடுத்தாருவாரு."

பெட்டியை அவர்தான் எடுத்து வந்தார். முன்னறை தம்பிக்குப் போயிற்று. லீலாவதிக்கு இதில் பத்திரம், விதி எதுவும் புரியாது. புரிந்ததெல்லாம் ஒன்றுதான்: புருஷன் ஒருத்தனைத் தம்பி என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார், அந்தத் தம்பிக்குக் கை போயிருக்கிறது. அவள் முதல் தட்டை நிசாமுக்குப் போட்டாள். அவனால் ஒரு கையால் ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை. தட்டை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிய்த்தான். எதிரே உட்கார்ந்திருந்த நடராஜனுக்கு நெஞ்சை அடைத்தது. அது வாயு என்று அவர் சொன்னார். அதற்காக டவுன் டாக்டரிடம் போய் இரண்டு பாட்டில் மருந்தும் வாங்கி வந்தார். அது வெட்கம். எந்த மருந்தும் கேட்கவில்லை.

நிசாம் சும்மா இருக்கவில்லை. காலையில் பட்டறையைத் திறந்தான், மரத்தூளைக் கூட்டினான், சாயங்காலம் பூட்டினான். தம்பிக்கு அதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் சாப்பிடுகிற அரிசி எவ்வளவு, ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல் என்றால் எவ்வளவு என்று நடராஜன் மனசுக்குள் ஒப்பிட்டார். பாசமே மலிவு என்று தெரிந்தது.

சகீனாவுக்கு வேறு எண்ணம் இருந்தது. சபேட்டோவில் அவள் அப்பன் வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு வந்தது. கத்தரியும் பீன்ஸும் போட்டால் ஒரு கையோடு இருக்கிறவனும் பிழைக்கலாம். அந்தப் பணம் மட்டும் கிடைத்தால்.

"அக்கா, ஒங்க சோறு எனக்குக் கசக்கல" என்றாள் லீலாவதியிடம். "ஆனா அவுரு ராத்திரியில எழுந்து ஒக்காந்துக்கறாரு. அடுத்தவங்க சோத்துல இருக்கறது அவருக்கு ஆவல."

வருஷம் திரும்பியது. நாலாவது சுற்றறிக்கை வந்தது. 'சென்ற ஆண்டு உறவினர் என்று தவறாகக் காட்டப்பட்டோரை இம்முறை தொழிலாளர் என்று திருத்திக்கொள்ளலாம். அபராதம் இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதைச் செலுத்தினால் போதும்.' லீலாவதி அதை யோகேந்திராவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். விரேந்திரா ரேகை எடுக்க வருகிற அன்று காலை, புருஷனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தபடி பேசினாள்.

"அவராதம்கூட இல்லியாம். நெசத்த சொல்லிட்டு வந்துடுங்க. அந்தப் பையன் அவன் காலுல நிக்கட்டும். அப்புறமும் அவன் ஒங்க தம்பிதான், யாரு வாணாம்னாங்க?"

"சொல்றன்" என்றார் நடராஜன். சத்தியமாகச் சொல்லத்தான் கிளம்பினார். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருநூறு அடிதான். அந்த இருநூறு அடியும் அவர் நல்ல மனிதராகவே நடந்து போனார்.

பட்டறையில் ஹோட்டல் மானேஜரின் கடிதம் காத்திருந்தது. நாற்காலி பிரமாதம், அடுத்து நூறு மேஜை வேண்டும், இரண்டு மாதத்தில். புது ரம்பத் தகடு பளபளவென்று சுற்றியது. இப்போது அதில் ஜோனே நின்றான். மூடி இல்லை. நிசாமைத் தொழிலாளி என்றால் ஜோனேயும் தொழிலாளி. ஜோனே தொழிலாளி என்றால் மூடி. மூடி என்றால் மேஜை நூறு எப்படி ஆகும்? நடராஜன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விரேந்திரா வந்தார். மைப்பெட்டியைத் திறந்து, நடராஜன் எடுத்துக் கொடுத்த போன வருஷப் பத்திரத்தை மேஜையில் விரித்து, புதுப் பாரத்தைப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொருவராக வந்து இடது பெருவிரலை வைத்தார்கள். ஐந்து பேர் முடிந்தது. நிசாம் முன்னால் வந்தான். துண்டால் மூடியிருந்த இடது கையை வெளியே எடுக்கத் தயங்கினான்.

"இடது பெருவிரல்" என்றார் விரேந்திரா, தலை நிமிராமல்.

நிசாம் கையை மேஜை மேல் வைத்தான். விரேந்திரா மையைத் தடவ விரலைத் தேடினார். மைப்பெட்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் மைப்பெட்டியைப் பார்த்தார்.

"பெருவிரல்... கஹாங்? எங்க இருக்கு?"

ஜோனே மெஷினை நிறுத்தினான். நிசாம் வலது கையை நீட்டி, மேஜையில் விரித்திருந்த பழைய பத்திரத்தைத் தொட்டுக் காட்டினான்.

"போன வருசக் காகிதத்துல இருக்குது சார்" என்றான்.

விரேந்திரா பழைய பத்திரத்தைக் கையில் எடுத்தார். 'தம்பி' என்ற கட்டத்தில் அந்த ரேகை ஒரு கோடு கலையாமல் இருந்தது. பிறகு புதுப் பாரத்தை நடராஜன் பக்கம் திருப்பி வைத்தார். 'தொழிலாளி, உறவினர்: இரண்டில் பொருந்தாததை அடித்துவிடவும்' என்று அச்சிட்டிருந்தது.

"போன தடவ நான் கேக்கல, இப்ப கேக்கறன்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. "இவரு யாரு?"

நடராஜன் நிசாமைப் பார்த்தார். லாரியில் பிடித்துக்கொண்டு போன மணிக்கட்டு அது. இருநூறு அடி தூரத்தில் லீலாவதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். சகீனா அவளுக்குப் பக்கத்தில் நிற்பாள். அப்பாவின் ஜுரமும் அந்த மூன்று வாரமும்கூட ஞாபகத்துக்கு வந்தன. சட்டைப் பையில் கடிதம் சரசரத்தது.

அவர் அடிக்கோலை எடுத்து வைத்து, 'தொழிலாளி' என்ற சொல்லைக் கோணாமல் அடித்தார்.

"என் தம்பி சார்" என்றார்.

விரேந்திரா மைப்பெட்டியை நிசாமின் வலது கைப் பக்கம் நகர்த்தினார். நிசாம் வலது பெருவிரலை மையில் தோய்த்துப் புதுப் பாரத்தில் வைத்தான். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய்த் துடைப்பத்தை எடுத்து வந்து, மெஷினுக்கு அடியில் சேர்ந்திருந்த மரத்தூளைக் கூட்ட ஆரம்பித்தான்.

அதிகாரி போன பிறகு நடராஜன் பழைய பத்திரத்தை நாலாக மடித்தார். மடிப்பு ரேகையின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டார். இரும்புப் பெட்டியில், மெஷினின் பாலிஸிக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தம்பியின் விரலை இத்தனை பத்திரமாக வைத்துக் காப்பாற்றிய அண்ணன் உலகத்தில் அவர் ஒருவர்தான்.